தாளில் இருப்பது யாருடைய கை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நாற்பது வயதுக்கு மேல் பியானோ கற்கத் தொடங்கியிருக்கிறேன். பாக்கின் இன்வென்ஷன் (சின்னப் பயிற்சித் துண்டு) ஒன்றை ஒரு மாதமாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் ஒரு இடத்தில் கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் மெதுவாக்கி வாசித்தேன். எனக்கு அது அழகாகப் பட்டது. ஆசிரியர் உடனே நிறுத்தி, "தாளில் இல்லாததைச் செய்யாதீர்கள்" என்றார்.

நான் கர்னாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன். அங்கே பாடுகிறவர்தான் ராஜா. நிரவல், கல்பனாஸ்வரம் எல்லாம் அவர் கையில். ஒரே கிருதி ஒவ்வொரு பாடாந்தரத்திலும் ஒரு மாதிரி இருக்கும். மேற்கத்திய செவ்வியல் இசையில் எழுதியவர்தான் எல்லாம், வாசிப்பவர் வெறும் டைப்பிஸ்ட்தானா? அப்படியென்றால் அதே பாக்கையும் பீத்தோவனையும் ஏன் திரும்பத் திரும்பப் பதிவு செய்கிறார்கள்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

டைப்பிஸ்ட் என்ற வார்த்தை பிடித்திருந்தது. ஆனால் பழைய டைப்பிஸ்டுகளோடு வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். அதிகாரி சொல்லச் சொல்ல அடித்த கடிதத்தில் பாதி வாக்கியம் டைப்பிஸ்டுடையதாக இருக்கும். "சார், இப்படிப் போட்டா நல்லா இருக்காது" என்று ஒரு வார்த்தை சொல்வார், அதிகாரி தலையாட்டுவார், கீழே கையெழுத்து மட்டும் அவருடையது. மேற்கத்திய இசையின் பெரிய படைப்புகள் பலவற்றின் கதை இதுதான்.

பிராம்ஸை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய இசையமைப்பாளர், பியானோக்காரர். 1878 கோடையில் வயலின் கன்செர்ட்டோ எழுதினார், அதாவது தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. எழுதியவரைக்கும் வயலின் பகுதியை நண்பர் யோசஃப் யோவாகிமுக்கு அனுப்பினார். அந்தக் காலத்தின் மாபெரும் வயலின் கலைஞர்களில் ஒருவர் அவர்; இருவருக்கும் இருபத்தைந்து வருட நட்பு. கூடவே போன கடிதத்தில் பிராம்ஸ் கேட்டது மிகச் சிறிய உதவி. 'கடினம், வசதியில்லை, முடியாது' என்று அங்கங்கே குறித்துக் கொடுத்தால் போதும் என்கிறார். யோவாகிமின் பதில் இன்னும் அழகு. பெரும்பகுதியை வாசித்துவிடலாம், ஆனால் வெக்கையான அரங்கத்தில் இதைச் சந்தோஷமாக வாசிக்க முடியுமா என்பதை முழுக்க வாசித்துப் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்கிறார். தாளைப் பார்த்ததும் அந்த மனிதருக்கு வேர்வை ஞாபகம் வந்திருக்கிறது!

இந்த 'வசதியில்லை' என்ன என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வயலின் வாசிக்கும் நண்பர் ஒருவர் காட்டித்தான் புரிந்தது. ஒரு பழைய தாளை எடுத்தார். மெதுவான பகுதி. நாலு அளவுகளை (தாளக் கட்டங்களை) சேர்த்து மேலே நீளமாக ஒரு வளைகோடு. அப்படியென்றால் அத்தனை ஸ்வரங்களையும் ஒரே வில் இழுப்பில் வாசிக்க வேண்டும். கடைசியில் சத்தத்தைக் கூட்டச் சொல்லி ஒரு குறி. வில்லின் முடி கிட்டத்தட்ட 65 சென்டிமீட்டர், அவ்வளவுதான். கைப்பிடிப் பக்கம் கனம், நுனிப் பக்கம் லேசு. அவர் இழுத்துக் காட்டினார். மூன்றாவது அளவிலேயே வில் நுனிக்கு வந்துவிட்டது. எங்கே பலம் வேண்டுமோ அங்கே பலமில்லாத நுனிதான் மிச்சம். ஒலி மெலிந்து, கடைசியில் கீச்சிட்டது. "இந்தக் கோட்டைப் போட்டவர் பியானோ முன்னால் உட்கார்ந்து போட்டிருக்கிறார்" என்றார். அப்புறம் பென்சிலால் கோட்டை இரண்டாக வெட்டி, வில்லைத் திருப்பும் இடத்தில் ஒரு குறி வைத்து மறுபடி வாசித்தார். எழுதியவர் மனதில் கேட்டது அதுவாகத்தான் இருக்க வேண்டும். தாளில் எழுதியிருந்தது அது அல்ல.

பிராம்ஸும் யோவாகிமும் மாதக்கணக்கில் செய்தது இதைத்தான். யோவாகிம் சொன்னதையெல்லாம் பிராம்ஸ் கேட்டுவிடவில்லை. கையெழுத்துப் பிரதியில் ஏற்றுக்கொண்டதும் உண்டு, தள்ளியதும் உண்டு. கஷ்டமாகவே இருக்கட்டும் என்று விட்ட இடங்களும் உண்டு. 1879 ஜனவரி 1 அன்று லைப்ஸிகில் பிராம்ஸ் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, யோவாகிம் வாசித்தார். அதற்குப் பிறகும், அச்சுக்குப் போகும்வரை திருத்தம் தொடர்ந்தது. முதல் பகுதியின் முடிவில் ஆர்கெஸ்ட்ரா நின்றுவிடும். வயலின் மட்டும் தனியாக ஓடும். அதற்குக் கடென்சா என்று பெயர். அந்த இடத்தில் பிராம்ஸ் பேனாவையே கீழே வைத்துவிட்டார். எழுதியவர் யோவாகிம். இன்றைக்கும் பலர் வாசிப்பது அதைத்தான்.

(இதே கன்செர்ட்டோவை ஸ்பானிய வயலின் கலைஞர் சாரசாத்தே வாசிக்க மறுத்ததாகச் சொல்வார்கள். நடுப்பகுதியின் நல்ல மெட்டை ஓபோ என்ற குழல் வாசிக்கும், நான் வயலினைக் கையில் வைத்துக்கொண்டு நின்று கேட்க வேண்டுமா என்றாராம். சரி, அதுவும் ஒரு கருத்து.)

வேர்வை என்றதும் சோவியத் வயலின் கலைஞர் ஓய்ஸ்த்ராக் ஞாபகம் வருகிறார். இசையமைப்பாளர் ஷோஸ்தகோவிச் தன் முதல் வயலின் கன்செர்ட்டோவை 1948இல் முடித்தார். அந்த வருடம் சோவியத் அரசு அவரைக் கண்டித்தது. படைப்பு மேஜைக்குள் போயிற்று. 1955இல்தான் வெளியே வந்தது, லெனின்கிராட்டில், ஓய்ஸ்த்ராக் வயலினில். மூன்றாவது பகுதியின் முடிவில் ராட்சசத்தனமான கடென்சா ஒன்று உண்டு. பல நிமிடம் வயலின் தனியாகப் போராடும். அது முடிந்த மூச்சிலேயே, இடைவெளி இல்லாமல், கடைசிப் பகுதி பாய்ந்து தொடங்கும். முதலில் எழுதியபோது அந்தத் தொடக்கத்தையும் வயலினுக்கே கொடுத்திருந்தார் ஷோஸ்தகோவிச். ஓய்ஸ்த்ராக் கெஞ்சாத குறையாகக் கேட்டிருக்கிறார்: முதல் சில அளவுகளை ஆர்கெஸ்ட்ரா வாசிக்கட்டும், நான் நெற்றியையாவது துடைத்துக்கொள்கிறேன். ஷோஸ்தகோவிச் உடனே ஒப்புக்கொண்டார். இது தனக்கே தோன்றாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டாராம். இன்று கேட்கும்போது அந்த இடத்தில் ஆர்கெஸ்ட்ரா திடீரென்று வெடித்துக் கிளம்புவது பெரிய நாடகத் தருணமாக இருக்கிறது. காரணம் ஒரு கைக்குட்டை.

வாசிப்பவரின் உடம்பு மட்டுமல்ல, அவர் கையில் இருக்கும் கருவியும் தாளுக்குள் போகிறது. மொஸார்ட் தன் கடைசி வருடமான 1791இல் எழுதிய கிளாரினெட் கன்செர்ட்டோ, அன்டோன் ஸ்டாட்லர் என்ற ஒருவருக்காக எழுதியது. ஸ்டாட்லரிடம் இருந்தது சாதாரண கிளாரினெட் அல்ல. கீழே இன்னும் நாலு அரைஸ்வரம் வரை இறங்கக்கூடிய நீளமான ஒன்று. மொஸார்ட் அந்தக் கீழ் ஸ்வரங்களுக்கு ஆசைப்பட்டு எழுதினார். அவர் போனார், கையெழுத்துப் பிரதி தொலைந்தது, அந்த மாதிரிக் கருவியும் வழக்கொழிந்தது. பதிப்பித்தவர்கள் சாதாரண கிளாரினெட்டுக்கு ஏற்ற மாதிரி கீழ் ஸ்வரங்களை மேலே தூக்கிப் போட்டு அச்சிட்டார்கள். கீழே இறங்கிக்கொண்டிருந்த ஓட்டம் நடுவில் சட்டென்று மேலே தாவும். மொஸார்ட்டின் குறும்பு என்று அதை ரசித்தவர்களும் இருந்திருப்பார்கள். இப்போது நீளக் கருவியை மறுபடி செய்து, எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து வாசிக்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

எல்லாக் கூட்டும் நட்பில் முடிவதில்லை. சைக்கோவ்ஸ்கி செல்லோவுக்கு எழுதிய ரொக்கோக்கோ வேரியேஷன்ஸை (ஒரே மெட்டின் பல மாறுபட்ட வடிவங்கள்) 1877இல் மாஸ்கோவில் முதலில் வாசித்தவர் செல்லோ கலைஞர் ஃபிட்ஸன்ஹாகன். அவர் செல்லோ பகுதியைத் திருத்தியதோடு நிற்கவில்லை. வேரியேஷன்களின் வரிசையைக் கலைத்து மாற்றினார், கடைசியாக இருந்த ஒன்றைத் தூக்கியே எறிந்தார். அச்சுக்கு வந்தபோது சைக்கோவ்ஸ்கி எரிச்சல்பட்டார், அப்புறம் 'எப்படியோ போகட்டும், இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட்டுவிட்டதாக ஒரு மாணவரின் நினைவுக்குறிப்பு. மூல வடிவம் பிற்பாடு கிடைத்து வெளியாகிவிட்டது. ஆனாலும் பெரும்பாலான மேடைகளில் ஃபிட்ஸன்ஹாகன் வரிசைதான் நிற்கிறது. செல்லோக்காரர்களுக்கு அந்த முடிவு பிடித்திருக்கிறது, கைதட்டல் வருகிறது. இதை ஒப்புக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் என் காதுக்கும் அவர் செய்த கடைசிப் பாய்ச்சல்தான் பழகியிருக்கிறது.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் இப்படி விட்டுக்கொடுக்கிறவர் அல்ல. தத்துவவாதி விட்கென்ஸ்டைனின் அண்ணன் பால் விட்கென்ஸ்டைன் பியானோ கலைஞர். முதல் உலகப்போரில் வலக்கையை இழந்தவர். இடக்கைக்கு மட்டுமான கன்செர்ட்டோ ஒன்றை ராவெலிடம் கேட்டு எழுதி வாங்கினார். 1932 ஜனவரியில் வியன்னாவில் அரங்கேற்றம். விட்கென்ஸ்டைனோ பல இடங்களில் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருந்தார். ராவெல் கொதித்துவிட்டார். வாசிப்பவன் அடிமையாக இருக்கக் கூடாது என்று விட்கென்ஸ்டைன் எழுத, வாசிப்பவர்கள் அடிமைகள்தான் என்று ராவெல் பதில் சொன்னதாக வரலாறு. உங்கள் டைப்பிஸ்டைவிட ஒரு படி கீழே. வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு கை இல்லையென்றால் அந்த இசையே இல்லை. பியானோவின் அடிப்பக்கத்தில் இருட்டாகத் தொடங்கி, ஐந்தே விரலில் மெட்டும் துணையும் சேர்ந்து வருகிற மாதிரி அமைத்த அத்தனை சாமர்த்தியமும் அந்த மனிதருக்கு எஞ்சியிருந்த கையிலிருந்து பிறந்தது.

எழுதியவர் உயிரோடு இருந்தால் சண்டையாவது போடலாம். இல்லாதபோது? அதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி. பியானோ கலைஞர் கிளென் கூல்ட் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை 1955இல் பதிவு செய்தார், சுமார் 38 நிமிடம். அதையே 1981இல் மறுபடி பதிவு செய்தார், சுமார் 51 நிமிடம். திருப்பி வாசிக்கச் சொல்லும் பகுதிகளை இரண்டாவதில் கொஞ்சம் கூடுதலாக வாசித்தார் என்பது உண்மைதான். ஆனால் தொடக்கத்து ஆரியாவை (மூல மெட்டை) மட்டும் இரண்டிலும் கேளுங்கள். முதல் பதிவில் ஒரு இளைஞன் கதவைத் திறந்துகொண்டு வருகிறான். இரண்டாவதில் ஒருவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மனமில்லாமல் பேசத் தொடங்குகிறார். தாளில் ஒரு புள்ளி மாறவில்லை. வேகத்தை பாக் அநேகமாக எங்குமே எழுதவில்லை. அவரைப் பொறுத்தவரை அது வாசிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

இதே கூல்ட் 1962இல் நியூயார்க்கில் பிராம்ஸின் முதல் பியானோ கன்செர்ட்டோவை மிக மெதுவாக வாசிக்க முடிவு செய்தபோது, கண்டக்டர் பெர்ன்ஸ்டைன் முதலிலேயே ரசிகர்கள் பக்கம் திரும்பி, எனக்கு இதில் உடன்பாடு இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். ஆனால் நடத்தினார். இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி இன்னொரு துருவம். வியாக்கியானம் வேண்டாம், எழுதியதைச் செய்தால் போதும் என்றவர். சரி என்று அவரே நடத்திய 'வசந்தச் சடங்கு' பதிவுகளைப் போட்டுக் கேட்டால், 1929, 1940, 1960 மூன்றும் ஒன்றுபோல் இல்லை. எழுதியவரே அவர் எழுதியதை ஒரே மாதிரி செய்யவில்லை.

நம் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பாடுகிறவர் ராஜா என்கிறீர்கள். அருணாசலக் கவிராயரின் ராமநாடகக் கீர்த்தனைகளுக்கு இசை அமைத்துக் கொடுத்தவர்கள் அவருடைய சீடர்கள் இரண்டு பேர். பின்னால் அவற்றில் சிலவற்றை அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வேறு ராகங்களில் அமைத்தார். கச்சேரியில் அவற்றைக் கேட்கும்போது நமக்குக் கவிராயர் பெயர் மட்டும்தான் ஞாபகம் வருகிறது. ஆக, இங்கேயும் அங்கேயும் பல கைகள் உண்டு. அவர்கள் பென்சிலால் குறித்து வைத்தார்கள், நாம் வாய்வழியாகக் கடத்தினோம்.

கடைசியாக, உங்கள் ஆசிரியர். அவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். விரல் ஒழுங்காகப் போகாத இடத்தில் மெதுவாக்கிவிட்டு அதை அழகு என்று நினைப்பது கற்கிற எல்லோரும் செய்வது, நானும் செய்திருக்கிறேன். ஆனால் 'தாளில் இல்லாதது' என்று அவர் சொன்னாரே, அந்தத் தாளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஸ்வரங்களுக்கு மேல் 1, 2, 3 என்று குட்டி எண்கள் இருக்கும். எந்த விரல் என்பதற்கு. அங்கங்கே வளைகோடுகள், மெதுவாக, சத்தமாக என்ற குறிகளும் இருக்கலாம். பாக் இவற்றை மிக அபூர்வமாகத்தான் எழுதியிருக்கிறார். உங்கள் பதிப்பில் இருப்பவை பெரும்பாலும் பதிப்பாசிரியர் போட்டவை. அவர் அநேகமாக ஒரு பியானோ கலைஞராக இருப்பார். பீத்தோவனின் மாணவர் செர்னி 1837இல் பாக்கின் வெல் டெம்பர்ட் கிளேவியர் என்ற தொகுப்பைப் பதிப்பித்தபோது, பீத்தோவன் இந்த ஃபியூக்குகளில் (ஒரே மெட்டு பல குரல்களில் மாறி மாறி வரும் துண்டுகளில்) பலவற்றை வாசித்தது தன் காதில் இன்னும் இருக்கிறது, அதை வைத்துத்தான் குறித்திருக்கிறேன் என்று முன்னுரையில் எழுதினார். அந்தப் பதிப்பில் படித்த பிள்ளைகள் பாக்கை வாசிப்பதாக நினைத்துக்கொண்டு, பீத்தோவன் வாசித்ததாக செர்னிக்கு ஞாபகம் இருந்ததை வாசித்தார்கள்.

உங்கள் புத்தகத்தின் அட்டையில், பாக்கின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கும். யார் என்று பார்த்து எழுதுங்கள். நீங்கள் மெதுவாக்கிய அந்த அளவின் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்.