மழைநீர்க் கட்டணம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மேரிலாந்தில் மாண்ட்கோமரி கவுண்டியில் வீடு வாங்கியிருக்கிறோம். சொத்து வரி பில்லில் ‘நீர்த்தரப் பாதுகாப்புக் கட்டணம்’ என்று தனியாகப் போட்டிருக்கிறார்கள். மழைக்குக் காசு வாங்க கவுண்டிக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

பதில்: மாநிலச் சட்டமன்றம்தான். அது இடம் கொடுக்காமல் கவுண்டி தானாக வசூலிக்க முடியாது. மத்திய தூய நீர்ச் சட்டத்தை 1987-இல் திருத்தியபோது, நகரங்களும் கவுண்டிகளும் நடத்தும் மழைநீர் வடிகால்களுக்கும் பர்மிட் கட்டாயமானது. மாண்ட்கோமரிக்கு 2010-இல் கிடைத்த பர்மிட்டில் கடுமையான நிபந்தனை இருந்தது: ஏற்பாடு எதுவும் இல்லாமல் மழைநீர் அப்படியே ஓடிவிடும் கூரை, தார், கான்கிரீட் பரப்பில் 20 சதவீதத்தைச் சீர்செய்ய வேண்டும். அதற்குப் பணம் வேண்டும் அல்லவா?

2012-இல் மாநிலம் ஒன்பது கவுண்டிகளையும் பால்டிமோர் நகரத்தையும் இப்படிக் கட்டணம் விதிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியது. ஃபிரெடெரிக் கவுண்டி எதிர்ப்பைக் காட்ட, சொத்துக்கு ஆண்டுக்கு ஒரு சென்ட் என்று விதித்தது! 2015-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. பர்மிட் கடமை நீங்கவில்லை. பணத்துக்கு என்ன வழி என்று இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாநிலத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

கட்டணம் என்றால் அதற்கும் கிடைக்கும் சேவைக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். தன் இடத்து மழைநீரைக் குளங்களில் தேக்கிச் சமாளித்துவந்த நில உரிமையாளர் ஒருவர் இந்த வாதத்தை வைத்து 2015-இல் மாண்ட்கோமரிக்கு எதிராக சர்க்யூட் கோர்ட்டில் வென்றார். கவுன்சில் உடனே சட்டத்தைத் திருத்தி, சேவையோடு பொருத்தம் பார்க்கத் தேவையில்லாத எக்சைஸ் வரியை விதிக்கும் பழைய அதிகாரத்தையும் அடிப்படையாகச் சேர்த்துக்கொண்டது. நம் கருத்தில் அந்த வழக்கு நல்லதே செய்தது. தண்ணீரைத் தன் இடத்திலேயே பிடித்துவைப்பவருக்குச் சலுகை தருவதுதான் நியாயம்.

கேள்வி: தொகை அதிகமாகத் தெரிகிறது. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கட்டணத்தைக் கணக்கிடும் ஓர் அலகு என்பது மழைநீர் மண்ணில் இறங்காத பரப்பில் 2,406 சதுர அடி. தனி வீடுகளுக்கு ஏழு படிகள்: 1,000 சதுர அடி வரை அலகில் மூன்றில் ஒரு பங்கு, 1,410 முதல் 3,412 வரை ஓர் அலகு, 6,215-க்கு மேல் மூன்று அலகு. வீடு, கராஜ், டிரைவ்வே, பாட்டியோ எல்லாவற்றையும் டேப்பால் அளந்து கூட்டுங்கள். உங்கள் கணக்கு கீழ்ப்படியில் விழுந்தால் மட்டும் மறுபரிசீலனைக்கு எழுதுங்கள். அதே படிக்குள் 200 சதுர அடி குறைந்தாலும் பில் மாறாது.

கேள்வி: மழைநீர்ப் பீப்பாய் வைத்தால் போதுமா?

பதில்: செடிக்கு ஊற்ற நல்லது, அவ்வளவுதான். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறக்குறைய 623 கேலன் இறங்கும்; வழக்கமான பீப்பாய் 55 கேலன்தான் கொள்ளும். மழைத்தோட்டம் போடுங்கள்; அதாவது, ஓடிவரும் மழைநீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் பள்ளமான செடிப்பாத்தி. முதலில் ஓர் அடிக் குழி தோண்டி நீர் நிரப்பிப் பாருங்கள். ஒரு நாளில் வடியவில்லை என்றால் களிமண். வேறு இடம் தேடுங்கள். வீட்டின் அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் பேஸ்மென்ட்டில் கசியும். கவுண்டியின் ‘ரெயின்ஸ்கேப்ஸ்’ மானியம் வேண்டுமென்றால், ஒப்புதல் வந்த பிறகே மண்வெட்டியை எடுங்கள். முடித்த வேலைக்குப் பணம் தரமாட்டார்கள்.