வீதி திருத்த முன்னர் தொல்பொருள் ஆய்வு எதற்கு?

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு வீதியை அகலமாக்க முன்னர் தொல்பொருள் திணைக்களத்தினர் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பதைச் சிலர் கண்டிருப்பீர்கள். வேலையால் பழைய தடயங்கள் ஏதும் அழியுமா என்று முற்கூட்டியே பார்ப்பதுதான் அது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் 1998இல் செய்த திருத்தம் இதற்கு வழிசெய்தது.

உடுப்புத் தோய்க்க முன்னர் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்போமே, அதுபோலத்தான். நனைந்த பிறகு காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

மண்ணுக்குள் கிடக்கும் பொருளை விட அது கிடந்த இடம்தான் பெரிய விஷயம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு ஓட்டுத் துண்டு கையில் கிடைத்தால் அது பழைய பானை என்று மட்டும் சொல்லலாம். எந்த மண் படையில், சாம்பலோடா எலும்போடா கிடந்தது என்று தெரிந்தால்தான் அங்கே வாழ்ந்த மனிதர் தெரிவார்கள். மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் ஒரு தரம் அள்ளிப் புரட்டினால் அந்த வரிசை போச்சு, திரும்ப அடுக்கவே முடியாது. தீகவாபி, இராஜகல என்ற பழைய பௌத்தத் தலங்கள், பழங்கால பிராமி எழுத்துள்ள குசலானமலை எல்லாம் இருக்கிற நிலம் இது. ஆகவே வீதியை மட்டுமல்ல, வீதிக்குப் போடும் கிரவல் மண் வெட்டும் இடத்தையும் பார்ப்பது அவசியம் என்பேன்.

"ஏதாவது அகப்பட்டால் வீதி வராது" என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை, பாதையைச் சற்று விலக்குவது, பதிவு செய்வது, தோண்டும்போது ஒருவர் பக்கத்தில் நின்று கவனிப்பது போன்ற வழிகளும் இருக்கின்றன.