செவ்வாயில் கறள் பிடிக்குமா?

வாசகர் கேள்விகளுக்கு நம் விஞ்ஞான மாஸ்ரரின் பதில்கள்

கேள்வி: மாஸ்ரர், எனக்குச் சின்னதாக ஒரு கராஜ் இருக்கிறது. இரண்டு மாரி வெளியில் நின்ற உழவு இயந்திரத்தில் ஒரு போல்ற்றைக் கழற்றுவதற்குள் கை உரிந்துவிடும். செவ்வாயில் நாற்பது, ஐம்பது வருடமாகக் கிடக்கும் விண்கலங்கள் இந்நேரம் கறள் பிடித்து உதிர்ந்திருக்காதா?
– வாசகர், மல்லாவி

பதில்: இல்லைத் தம்பி, உதிர்ந்திருக்காது. கறள் பிடிக்க நீரும் ஒட்சிசனும் வேண்டும். செவ்வாயின் காற்றமுக்கம் நம்முடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இருக்கிற அந்தக் கொஞ்சக் காற்றிலும் பெரும்பகுதி காபனீரொட்சைட்டு. திரவ நீர் அங்கே தங்காது. அதோடு விண்கலங்களை இரும்பில் செய்வதும் குறைவு. பாரம் கூடும் என்பதால் அலுமினியமும் டைட்டேனியமும்தான் பெரும்பாலும். 1976 யூலை 20 இல் இறங்கிய வைக்கிங் 1, பல வருடங்களுக்குப் பிறகு மேலே சுற்றும் கலம் எடுத்த படத்திலும் இறங்கிய இடத்தில் அப்படியே நிற்கிறது.

உங்கள் தொழிலின் கண்ணால் பார்த்தால் சட்டகம் நிற்கும், வயரிங் போய்விடும். அங்கே பகலில் ஓரளவு சூடேறும், இரவில் பூச்சியத்துக்குக் கீழே எண்பது, தொண்ணூறு பாகை குளிரும். ஒவ்வொரு நாளும் விரிந்து சுருங்கினால் பற்றுவைத்த இணைப்புகள் வெடிக்கும். பற்றறி கெடும். புறஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை அரிக்கும்.

ஆனாலும் ஒவ்வொரு கலமும் நின்றுபோன காரணம் வேறு வேறு. வடதுருவப் பக்கம் 2008 இல் இறங்கிய பீனிக்ஸ் குளிர்காலத்து இருட்டில் சக்தி தீர்ந்து ஓய்ந்தது. பிறகு உறைந்த காபனீரொட்சைட்டின் பாரத்தில் அதன் சோலார் தகடு உடைந்திருக்க வேண்டும் என்று மேலிருந்து எடுத்த படங்கள் காட்டின. ரோவர் எனப்படும் சக்கர ஊர்திகளில் ஒன்றான ஸ்பிரிட் மணலில் புதைந்தது. அதன் சோடி ரோவர் ஒப்பர்ச்சுனிட்டியைத் தொண்ணூறு செவ்வாய் நாட்களுக்கென்றுதான் அனுப்பினார்கள். அது பதினான்கு வருடத்துக்கு மேல் ஓடி 45 கிலோமீற்றர் கடந்தது. 2018 யூனில் கோளையே மூடிய தூசிப் புயல் வந்து வெயிலை மறைத்தது, அதோடு அது ஓய்ந்தது. ஒப்பர்ச்சுனிட்டியின் கடைசிச் செய்தி என்று, ‘என் பற்றறி குறைகிறது, இருட்டாகிறது’ என்ற உருக்கமான வசனம் எல்லா இடமும் உலாவுகிறது. அது ஒரு பத்திரிகையாளர் தம் சொல்லில் எழுதியது. ரோவர் அனுப்பியவை எண்கள். அன்றைக்குத் தகடுகளில் கிடைத்த சக்தி வெறும் 22 வாட் மணி. எனக்கு அந்த எண்ணே போதும்.

மனம் பொறுக்காதது வைக்கிங் 1 இன் கதைதான். 1982 நவம்பரில் பற்றறி மின்னேற்றத்தைச் சரிப்படுத்த இங்கிருந்து ஒரு கட்டளை அனுப்பினார்கள். அந்தக் கட்டளை, அன்ரெனா பூமியை நோக்கித் திரும்பும் தகவலின் மேல் எழுதப்பட்டுவிட்டது. ஆறு வருடம் வேலை செய்த இயந்திரம், நம் பக்கம் பார்க்கத் தெரியாமல் போய்விட்டது.

கேள்வி: வெள்ளியில் இறங்கிய கலங்கள் ஒன்றிரண்டு மணித்தியாலம்தானாம் வேலை செய்தன. உருகிவிட்டனவா?
– தரம் 10 மாணவி, முள்ளியவளை

பதில்: நல்ல கேள்வி, பிள்ளை. உருகவில்லை. அங்கே வெப்பம் 460 பாகை செல்சியஸ் அளவு. ஈயம் 327 இல் உருகும். அலுமினியத்துக்கு 660 வேண்டும், டைட்டேனியத்துக்கு இன்னும் எவ்வளவோ கூட. ஆகவே கூடுகள் இன்றும் இருக்கும் என்றே நம்பலாம். செத்தது உள்ளே இருந்த இலத்திரனியல். கந்தக அமில முகில்களும் உயரத்திலேயே நின்றுவிடும், நிலம்வரை வராது.

வேறொரு கோளின் தரையிலிருந்து முதன்முதலில் சைகை அனுப்பியது சோவியத்தின் வெனேரா 7, 1970 டிசம்பர் 15 இல். பரசூட் பழுதாகி வேகமாக மோதியது. சைகை நின்றுவிட்டது என்றே நினைத்தார்கள். பதிவு நாடாக்களைத் திரும்ப ஆராய்ந்தபோது, மிக மெல்லிய சைகை 23 நிமிடம் வந்திருந்தது தெரிந்தது. முடிந்தது என்று எழுதிவைக்காமல் நாடாவைத் திரும்பக் கேட்டார்களே, அவர்களை நீ நினைவில் வைத்திரு. 1982 இல் இறங்கிய வெனேரா 13 ஐ 32 நிமிடம் தாங்கும்படி செய்தார்கள். அது 127 நிமிடம் தாங்கியது. அதன் சோடி வெனேரா 14 மண்ணின் இறுக்கத்தை அளக்க ஒரு கையை நீட்டியது. கழன்று விழுந்த கமராவின் மூடி சரியாக அந்தக் கைக்குக் கீழே போய்க் கிடந்தது!

கேள்வி: ஆரும் அங்கே போனால் அவற்றை எடுத்துக்கொண்டு வரலாமா? அவை இப்போது ஆருக்குச் சொந்தம்?
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: அனுப்பிய நாட்டுக்கே சொந்தம். 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 8 ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. எவ்வளவு காலம் போனாலும் உரிமை மாறாது. ஆராய்ச்சிக்காகத் தொடுவதை நான் எதிர்க்கமாட்டேன். அப்பலோ 12 வீரர்கள் 1969 இல் சந்திரனில் சேர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலத்தின் கமராவைக் கழற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டரை வருட விண்வெளி வாசம் ஒரு பொருளை என்ன செய்யும் என்பதை அதிலிருந்து படித்தார்கள். அழகுப் பொருளாகத் தூக்கிவருவது வேறு, அது கூடாது. வைக்கிங் 1 க்கு, அந்தத் திட்டத்தில் உழைத்து 1980 இல் இமயமலையில் இறந்த தோமஸ் மச் என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகை வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, ஒருநாள் கொண்டுபோய்ப் பொருத்துவதற்காக. அதைப் பொருத்த ஓர் இடம் அங்கே இருக்கவேண்டும் அல்லவா?

கேள்வி: தொலைந்துபோன கலம் எதையும் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்களா?
– வாசகி, இரணைமடு

பதில்: ஆம் அம்மா. பிரித்தானியாவின் பீகிள் 2, 2003 நத்தார் நாளில் செவ்வாயில் இறங்கவேண்டியது. ஒரு சத்தமும் வரவில்லை. மோதி நொருங்கியது என்று பலர் முடிவுகட்டினார்கள். 2015 சனவரியில், மேலே சுற்றும் கலத்தின் படங்களில் அது தெரிந்தது. நொருங்கவில்லை. பத்திரமாக இறங்கி, சோலார் இதழ்களைத் திறக்கவும் தொடங்கியிருந்தது. எல்லா இதழும் முழுதாக விரியாததால் அவற்றின் கீழே இருந்த அன்ரெனா மூடுண்டு கிடந்தது. அதைக் கட்டியெழுப்பிய கொலின் பிலிஞ்சர் 2014 மே மாதத்தில் காலமாகிவிட்டார். தேடியது கிடைத்ததா என்று அறியாமலே போவது என்ன என்பதை வன்னியில் இருந்துகொண்டு நான் விளக்கவேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் பள்ளித் தொலைநோக்கியால் இவற்றைப் பார்க்கலாமா?
– தரம் 8 மாணவன், மாங்குளம்

பதில்: முடியாது மகன், பூமியில் உள்ள எந்தத் தொலைநோக்கிக்கும் முடியாது. செவ்வாய்க்கு மேலே சுமார் 300 கிலோமீற்றரில் சுற்றும் கமராவுக்கே அவை சின்னப் புள்ளியாகத்தான் தெரிகின்றன. அந்தப் படங்களை அரிசோனாப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டு வைக்கிங், பீனிக்ஸ், பீகிள் மூன்றையும் தேடிப் பார். செவ்வாய்ப் படம் ஒன்று வரைந்து மூன்றும் இருக்கும் இடத்தைக் குறித்து அனுப்பினால் அடுத்த இதழில் போடுகிறேன்.