தங்கமீனுக்கு எத்தனை அடி தொட்டி?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு 10 இன்ச் கண்ணாடிக் கிண்ணத்தோடு இரண்டு ஒராண்டா தங்கமீன்கள் வாங்கினோம். இப்போது ஆளுக்கு இரண்டு இன்ச் இருக்கும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்க மாற்றியும், இரண்டும் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஒன்றரை அடித் தொட்டி போதும், தொட்டிக்குத் தகுந்த அளவுதான் மீன் வளரும் என்கிறார் கடைக்காரர். ஃபில்டர், ஹீட்டர், கலர் கல், ஒரு சக்கர் மீன் எல்லாம் சேர்த்து ‘செட்’டாகத் தருகிறாராம். வாங்கலாமா? (வாசகி, ஈரோடு)

பதில்: வாங்காதீர்கள். இரண்டு ஒராண்டாவுக்கு மூன்று அடித் தொட்டி வேண்டும். கண்ணாடிக் கடையில் சொல்ல வேண்டிய அளவு: நீளம் 36 இன்ச், அகலம் 15, உயரம் 18, கண்ணாடி 8 மில்லிமீட்டர்.

கணக்கு இதுதான். ஒராண்டா போன்ற இரட்டை வால், குண்டு உடம்பு வகைகளில் முதல் மீனுக்கு 75 லிட்டர், அடுத்து வரும் ஒவ்வொன்றுக்கும் 40 லிட்டர். உங்களுக்கு 115 லிட்டர் ஆகிறது. இது தொட்டிக்குள் நிற்கும் தண்ணீரின் அளவு. பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பிப் போனால் ஏமாறுவீர்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் இன்ச்சில் பெருக்கி 61ஆல் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். அவர் காட்டும் ஒன்றரை அடித் தொட்டி 18, 12, 12 என்றால் 42 லிட்டர். அடியில் இரண்டு இன்ச் கல், மேலே இரண்டு இன்ச் இடைவெளி போனால் மிஞ்சுவது 28 லிட்டர்தான். அதை ‘50 லிட்டர் தொட்டி’ என்று கூசாமல் விற்கிறார்கள். நான் சொன்ன மூன்று அடித் தொட்டியில் கல் போடாமல், மேலே இரண்டு இன்ச் விட்டு நிரப்பினாலும் ஏறக்குறைய 140 லிட்டர் நிற்கும்.

தொட்டிக்கு ஏற்ற அளவுதான் மீன் வளரும் என்பது பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து. சின்ன இடத்தில் வளர்ச்சி நிற்பது மீன் தன்னை அடக்கிக்கொள்வதால் அல்ல. தன் கழிவிலேயே கிடந்து நலிந்துபோவதால். நல்ல தண்ணீரில் ஒராண்டா ஆறு முதல் எட்டு இன்ச் வரை வளரும், பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். பாலித்தீன் பையில் போட்டுக் கொடுக்கும்போது இதை ஒரு வரி எழுதி ஒட்ட என்ன செலவு? இத்தாலியின் ரோம் நகராட்சி 2005லேயே உருண்டைக் கிண்ணத்தில் தங்கமீன் வைக்கத் தடை போட்டது. இங்கே அதே கிண்ணம் இன்னும் பிறந்தநாள் பரிசு.

மேலே வந்து வாயைப் பிளப்பதற்கு வருவோம். தங்கமீனுக்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும், நாள் முழுக்கக் கழித்துக்கொண்டே இருக்கும். அதோடு செவுள் வழியாக அம்மோனியாவும் வெளியேறும். உங்கள் கிண்ணத்தில் ஆறு லிட்டர் இருந்தால் அதிகம். அந்த அளவில் அம்மோனியா சீக்கிரமே செவுளைச் சுடும் அளவுக்கு ஏறிவிடும். காரத்தன்மை கூடிய போர் தண்ணீராக இருந்தால் இன்னும் மோசம்: அந்தக் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 7லிருந்து 8க்கு ஏறும்போது அம்மோனியாவின் விஷப் பகுதி சுமார் பத்து மடங்காகிறது. காற்றும் போதாது. 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். கழுத்துவரை நிரப்பிய உருண்டைக் கிண்ணத்தில் காற்றுப் படும் பரப்போ ஒரு சாசர் அகலம். உயரமான தொட்டி வேண்டாம், அகலமானது வேண்டும் என்று சொல்வதும் இதற்காகவே.

முழுத் தண்ணீரையும் மாற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா ஃபில்டரிலும் கண்ணாடியிலும் படிந்து பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் அதுவும் சேர்ந்து கொல்லும். ஆன்டி குளோரின் சொட்டு விடாமல் ஒரு பக்கெட்கூட ஊற்றாதீர்கள்.

இனி அந்த ‘செட்’. ஹீட்டர் எதற்கு? தங்கமீன் குளிர்ந்த நீர் மீன், ஈரோட்டு வெயிலுக்கு அதைக் குளிர்விக்கத்தான் வழி தேட வேண்டும். கலர் கல் கழிவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிறு கல் மீனின் வாயில் சிக்கிக்கொள்ளும். சக்கர் மீன் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்பது வியாபாரப் பேச்சு. அதுவும் கழிவைப் போடும், ஒரு அடிக்கு மேல் வளரும், இரவில் தங்கமீனின் உடம்பில் ஒட்டி வழுவழுப்பைச் சுரண்டும். பெரிதானதும் ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் வலைக்கு வலை இது மாட்டுவது அப்படித்தான்.

ஃபில்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மணிக்கு 800 முதல் 1000 லிட்டர் ஓட்டம் தேவை. ஸ்டிக்கரில் போட்டிருப்பது தண்ணீரை மேலே ஏற்றாமல் அளந்த எண், ஆகவே ஒரு படி பெரியதாகவே வாங்குங்கள். ஒராண்டா மெதுவாக நீந்தும் மீன். பீய்ச்சல் நேராக அதன்மேல் விழாமல், ஓட்டை போட்ட குழாய் வழியாகப் பரவ விடுங்கள். கூடவே ஒரு ஏர் பம்ப், அதில் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர்.

மூன்று அடித் தொட்டி கட்டுப்படியாகாது என்றால் ஒரே ஒரு மாற்று உண்டு: அகலமான பிளாஸ்டிக் டப். குறுக்களவு இரண்டரை அடி, ஆழம் ஒரு அடி உள்ள டப்பில் சுமார் 125 லிட்டர் நிற்கும். தண்ணீர்ப் பரப்பு மூன்று அடித் தொட்டியைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல். சீனாவிலும் ஜப்பானிலும் தங்கமீனை மேலிருந்து பார்க்கத்தான் வளர்த்தார்கள், ஆகவே அழகுக்கும் குறைவில்லை. ஆனால் சோப்புத் தண்ணீர் பட்ட பழைய டப் கூடாது. புதியதை ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி வைத்து, தினமும் கொட்டி, பிளாஸ்டிக் வாடை போன பிறகே மீனை விடுங்கள். ஓரம் நெகிழாத கெட்டி டப்பாக இருக்க வேண்டும். மெல்லியது வயிறு தள்ளி ஒருநாள் கூடத்தையே குளமாக்கிவிடும். மொட்டை மாடியில் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் மதியத்துக்குள் வெந்நீராகிவிடும். நிழலான வராந்தா போதும், மேலே பூனைக்கும் காக்காய்க்குமாக வலை. ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர் இதற்கும் கட்டாயம். சிமெண்டுத் தொட்டி கட்டலாமா என்று கேட்பீர்கள். கட்டலாம், ஆனால் புது சிமெண்டு பி.எச்.சை ஏற்றும். இரண்டு மூன்று வாரம் ஊறவைத்து மாற்றி மாற்றிக் கொட்ட வேண்டும்.

தொட்டியோ டப்போ வந்த அன்றே, ஆன்டி குளோரின் கலந்த தண்ணீரில் ஃபில்டரை ஓடவிட்டு மீன்களை மாற்றுங்கள். புதுத் தொட்டிதானே என்று கிண்ணத்திலேயே காக்க வைக்காதீர்கள். 140 லிட்டரில் அம்மோனியா ஏற நேரம் எடுக்கும். முதல் ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 30 லிட்டர் எடுத்துப் புதிது ஊற்றுங்கள். பிறகு வாரம் ஒருமுறை மூன்று பக்கெட், அதாவது 40 லிட்டர். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான் தீனி. அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி வையுங்கள், ‘செட்’டில் அது மட்டும் இருக்காது. அளவு பூஜ்யத்துக்கு வந்து இரண்டு வாரம் அப்படியே நிற்கும்வரை மூன்றாவது மீன் பேச்சே வேண்டாம்.