தகப்பனார் காலமானதை யாருக்குச் சொன்னீர்கள்?

வாசகர் கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நார் மில்லும் பித் எனும் நார்த்தூளைக் காயவைக்கும் களமும், பொள்ளாச்சியில் ஆபீஸும் வைத்திருக்கிறோம். தென்னை நார்த்தூளை ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தி ஏற்றுமதி செய்கிறோம். அப்பா ஆரம்பித்த தொழில். நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். வெளிநாட்டுக் கடிதங்கள் முழுக்கத் தம்பி மனைவி பொறுப்பு. அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, அவர் சொல்லச் சொல்ல இவர்தான் எழுதுவார். இதுவரை ஆளாளுக்குத் தன் ஜிமெயிலில் டெம்ப்ளேட் (மாதிரிக் கடிதம்) வைத்திருந்தோம். இப்போது தம்பி மனைவி ஒரு மென்பொருள் கொண்டுவந்து, விலை சொல்ல, கப்பல் பத்திரம் அனுப்ப, பாக்கி கேட்க என்று எல்லா டெம்ப்ளேட்டையும் ஆபீஸுக்கே பொதுவாக்கிவிட்டார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒரு பார்ட்டிக்காகப் பணம் கட்டும் நிபந்தனையை மாற்றி, அதைப் பொது டெம்ப்ளேட்டிலேயே சேமித்துவிட்டான். அடுத்த வாரம் மூன்று கொட்டேஷன் அதே நிபந்தனையோடு போய்விட்டது. திருத்தும் உரிமை இனி எனக்கு மட்டும்தான் என்று பூட்டச் சொன்னேன். "ஆறு வருஷமாக எழுதியது நான், எனக்கே பூட்டா?" என்று தம்பி மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா தைப்பூசம் கழிந்து தவறிவிட்டார். டெம்ப்ளேட் அடியில் இன்னும் அவர் பெயர்தான். பேப்பர் எல்லாம் மாறும்வரை மூன்று மாதம் சரக்கு போகவில்லை, "மழையால் களம் காயவில்லை" டெம்ப்ளேட்டை அனுப்பிச் சமாளித்தோம். நெதர்லாந்து பார்ட்டி ஒருவர் புது பேங்க் கணக்குக்குப் பணம் போடும் முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்கிறார், தள்ளிப் போட்டு வருகிறோம். பூட்டு விஷயத்தில் யார் பக்கம் நியாயம்?
— மூத்த மகன், பாலக்காடு மாவட்டம்

பதில்:

தகப்பன் செத்ததை மறைத்து வைத்துக்கொண்டு பூட்டுக்கு நியாயம் கேட்கிறீர்கள்.

அந்தப் பையன் செய்த தப்பை ஆதியோடு அந்தமாக எழுதியிருக்கிறீர்கள். நெதர்லாந்துக்காரர் சங்கதியைக் கடைசியில், தபால் தலை ஒட்டுகிற அவசரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தள்ளிப் போடுகிறோம் என்றால் என்ன சொல்லித் தள்ளிப் போடுகிறீர்கள்? ஊரில் இல்லை என்றா, உடம்பு முடியவில்லை என்றா? இத்தனை மாதமாகச் செத்த மனுஷனைக் கடிதம் எழுத வைத்துக்கொண்டிருக்கிறீர்களே, என்ன கண்ணு இது?

மூன்று மாதம் சரக்கு போகாததற்கு மழையைக் காரணம் சொன்னீர்களாம். மாசி, பங்குனியில் கொழிஞ்சாம்பாறையில் மழை! சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பூமி என்பது அங்கே மாடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். ஐப்பசியில் உண்மையாகவே களம் நனைந்தபோது உங்கள் தம்பி மனைவி எழுதிய கடிதம் அது. மாசியில் அனுப்பினால் அதே எழுத்து பொய். கையால் எழுதியிருந்தால் "மழை" என்ற வார்த்தையில் பேனா நின்றிருக்கும். பட்டனைத் தட்டியதால் நிற்கவில்லை.

நம் பக்கத்தில் கேதம் சொல்லி விடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சீரில் குறை வைத்தால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். சாவு சொல்லி விடாத வீட்டு வாசலை அப்புறம் மிதிக்கவே மாட்டார்கள். மாநில எல்லையான கோபாலபுரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆள் விட்டுச் சொல்லியிருப்பீர்கள், பத்து வருஷம் பேசாத பங்காளிக்கும் சொல்லியிருப்பீர்கள். அப்பாவை நம்பிக் கன்டெய்னர் கன்டெய்னராகச் சரக்கு எடுத்து, உங்கள் வீட்டு அடுப்பு எரியக் காரணமாக இருந்தவருக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை? அவர் வெள்ளைக்காரர், பதினாறாம் நாளுக்கு வரமாட்டார் என்பதாலா?

இன்னொன்றையும் பாருங்கள். அரசாங்கத்திடம் இந்த மறைப்பு நடக்கவில்லை. சாவை 21 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும், செய்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தொழில் அப்பாவின் தனிப் பெயரில் இருந்ததாகத் தெரிகிறது. அப்படியானால் அவரோடு அந்த ஜி.எஸ்.டி. பதிவும் முடிந்தது, வாரிசு புதிதாகப் பதிய வேண்டும். ஏற்றுமதிக்கான ஐ.இ.சி. எண்ணே இப்போது பான் எண்தான், ஆகவே அதுவும் புதிது. பேங்க் கணக்கு புதிது, ஏற்றுமதிப் பணம் வரும் பேங்கைக் காட்டச் சுங்கத்துறையில் பதிகிற ஏ.டி. கோடு புதிது. மூன்று மாதம் அலைந்து இத்தனை இடத்தில் அப்பா பெயரை எடுத்திருக்கிறீர்கள். சட்டம் கழுத்தைப் பிடித்த இடத்தில் எல்லாம் பெயர் மாறியிருக்கிறது. யாரும் கேட்காத ஒரே இடத்தில், மனுஷனுக்கு மனுஷன் எழுதுகிற கடிதத்தின் அடியில், மாறவில்லை. இதை அப்பா மேல் உள்ள மரியாதை என்று என்னிடம் சொல்லாதீர்கள். அவர் இடத்தில் உங்கள் பெயரா, தம்பி பெயரா, எழுதுகிற பெண்ணின் பெயரா என்று பேசத் துணிவில்லை. அதனால் இறந்தவர் பெயரே இருக்கட்டும் என்று மூன்று பேரும் விட்டுவிட்டீர்கள். காரியத்தன்று மாமன்மார் உங்கள் தலையில் உருமால் (தலைப்பாகை) கட்டினார்களே, அது எதற்கு? போட்டோவுக்கா?

நெதர்லாந்துக்காரரைப் பற்றிச் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அவர் செய்வதுதான் சரி. ஏற்றுமதி செய்பவரின் மெயிலுக்குள் திருடன் புகுந்து, நாள் கணக்கில் எல்லாக் கடிதத்தையும் படித்து, இன்வாய்ஸ் போகிற நேரம் பார்த்து "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று எழுதுவது உலகம் முழுக்க நடக்கிற மோசடி. இதற்கு வாங்குபவர் கையில் உள்ள தற்காப்பு, கடிதத்துக்குப் பதில் எழுதாமல், ஏற்கெனவே தெரிந்த ஆளை ஏற்கெனவே தெரிந்த நம்பரில் கூப்பிட்டுக் கேட்பது. அதைத்தான் அவர் செய்தார். நீங்கள் என்ன செய்தீர்கள்? பழைய பெயர், பழைய நடை, புதுக் கணக்கு. ஆள் மட்டும் போனுக்கு வரமாட்டார். திருடன் எழுதினாலும் இப்படித்தான் எழுதுவான். பணத்தை நிறுத்தி வைத்ததோடு விட்டாரே, போலீஸுக்குப் போகவில்லையே.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, தம்பி மனைவிதான் எழுதினார், ஆகவே அப்போதும் இப்போதும் ஒன்றுதானே என்று நீங்கள் வாதாடலாம். ஒன்றல்ல. அப்போது அவர் சொன்னார், இவர் எழுதினார். தப்பாகப் போனால் அவர் சட்டையைப் பிடிக்கலாம். இப்போது யார் சட்டையைப் பிடிப்பது?

இனி டெம்ப்ளேட்டுக்கு வருகிறேன். பொதுவாக்கியது நல்ல வேலை, அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஜிமெயிலில் இருப்பது அவரவர் சொந்த டெம்ப்ளேட், 50 வரைதான் வைக்க முடியும், பக்கத்து மேஜைக்குத் தெரியாது. ஒருவர் இந்த மாத விலையைச் சொல்வார், இன்னொருவர் போன வருஷ விலையைச் சொல்வார். குழுவுக்கென்று வரும் மென்பொருள்களில் பொது ஃபோல்டர், யார் திருத்தலாம் யார் எடுத்து அனுப்ப மட்டும் செய்யலாம் என்ற பிரிவு, யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு, பழைய வடிவத்துக்குத் திரும்புகிற வசதி எல்லாம் வந்துவிட்டன. உங்களுடையதில் அவை இருந்தால் பையனின் தப்பு ஐந்து நிமிஷ வேலை. அவனுக்கு அனுப்பும் உரிமை மட்டும் போதும். ஒரு பார்ட்டிக்கு நிபந்தனை மாறினால் அந்தக் கடிதத்தில் மாற்றுவான், மூலம் அப்படியே இருக்கும். போன மூன்று கொட்டேஷனுக்கும் இன்றைக்கே திருத்தம் அனுப்புங்கள். யாராவது அதை ஏற்று ஆர்டர் கொடுத்திருந்தால் அந்த நிபந்தனைக்கே சரக்கு கொடுங்கள். உங்கள் ஆபீஸிலிருந்து போன வார்த்தை அது.

இதைவிடப் பெரிய கேள்வி, டெம்ப்ளேட்டில் எது நிரந்தர எழுத்தாக இருக்கக்கூடாது என்பது. உங்கள் விலைக் கடிதத்தில் "ஈ.சி. 0.5-க்குக் கீழ்" என்று அச்சடித்தாற்போல இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். இந்தத் தொழிலில் பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பித்தில் எவ்வளவு உப்பு என்று சொல்கிற எண் அது. மட்டையைப் பொறுத்து, கழுவிய தண்ணீரைப் பொறுத்து, எத்தனை தரம் கழுவினீர்கள் என்பதைப் பொறுத்து லாட்டுக்கு லாட் மாறும். கோடையில் போர்வெல் தண்ணீரே உப்பேறினால் கழுவியும் இறங்காது. கண்ணாடிக் கூடாரத்தில் மண்ணுக்குப் பதில் பித்தில் தக்காளிச் செடி வைக்கிறவர் அந்த எண்ணை நம்பித்தான் உரக் கரைசலைக் கலக்குகிறார். அது அந்த லாட்டின் சோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து நிரப்ப வேண்டிய காலி இடம். காலியாக இருந்தால் அனுப்ப விடாமல் தடுக்கிற வசதியும் சில மென்பொருள்களில் உண்டு, இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். விலையும் அப்படியே, தாமதத்துக்கான காரணமும் அப்படியே. அனுப்புகிறவரின் பெயரும் அப்படித்தான்: அதை டெம்ப்ளேட்டுக்குள் எழுதாதீர்கள், யார் அனுப்புகிறாரோ அவர் கையெழுத்து தானாக வந்து விழட்டும். பேங்க் கணக்கு மட்டும் எதிர்மாறு. அதை யாரும் கையால் தொடக்கூடாது, இரண்டு பேர் பார்த்துச் சரி சொல்லாமல் மாறக்கூடாது. உங்கள் பூட்டை அங்கே போடுங்கள்.

மற்றதற்குத் திருத்தும் உரிமை தம்பி மனைவியிடம் இருக்க வேண்டும். உங்களிடம் அல்ல. உழைப்பவர் கையில் சாவி இருக்க வேண்டும் என்பது என் கட்சி, குடும்பத் தொழிலில் இன்னும் கண்டிப்பாக. நீங்கள் மூத்தவர், சந்தேகமில்லை. மூத்தவர் வேலை கெட்ட செய்தியைச் சொல்வது, கடன்காரனுக்கு முகம் கொடுப்பது, பேச்சு வார்த்தை நின்றுபோன வீட்டில் முதலில் பேசுவது. காற்புள்ளியும் அரைப்புள்ளியும் உங்கள் அனுமதி கேட்டு நகர வேண்டும் என்பது மூத்தவர் வேலையில் சேராது. ஆறு வருஷம் அப்பாவின் குரலாக எழுதிய பெண்ணிடம் போய், உன் எழுத்தை நீ தொடாதே என்று சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் தப்புச் செய்தது வேறொருவன். எனக்குக் கோபம் வருகிறது என்றால் அவருக்கு வராதா?

அவரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு, படித்துக் காட்டுங்கள். மாமனார் பெயரை அடியில் போட்டு அனுப்பியது உங்கள் விரல்தானே அம்மா? வீட்டு ஆம்பிளைகள் வாய் திறக்கவில்லை என்றால் நீங்கள் திறந்திருக்கலாமே. இனி விலையும் கப்பல் பத்திரமும் உங்கள் பெயரிலேயே போகட்டும். மருமகள் பெயர் எதற்கு என்று மாமியார் முகம் சுளித்தால் மூத்தவர் சமாதானம் சொல்லட்டும்.

அப்பா பெயர் கம்பெனிப் பலகையில் இருந்தால் அது இருக்கட்டும், அதில் பொய் இல்லை.

நெதர்லாந்துக்காரருக்கு முதலில் மெயில் அனுப்பாதீர்கள், போன் செய்யுங்கள். நம் மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கே காலை ஆபீஸ் நேரம். நீங்கள் பேசுங்கள், இங்கிலீஷுக்குத் தம்பி மனைவி பக்கத்தில் இருக்கட்டும், தம்பியும் இருக்கட்டும். தைப்பூசத்துக்குப் பிறகு அப்பா தவறிவிட்டார், மழை என்று சொன்னது பொய், மூன்று மாதம் பேப்பர் மாற்றினோம், கணக்கு மாறியதற்கு அதுதான் காரணம் என்று தேதியோடு சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அதன்பின் இறப்புச் சான்றின் நகலும் புது ஐ.இ.சி. நகலும் இணைத்து ஒரு கடிதம். அவர் பேங்க் வழியாக விசாரித்து உறுதி செய்துகொள்ள எத்தனை நாள் கேட்டாலும் கொடுங்கள், அவசரப்படுத்தாதீர்கள். மற்ற பார்ட்டிகளுக்கும் ஒவ்வொருவராகச் சொல்லி அனுப்புங்கள். அந்தக் கடிதத்துக்கு டெம்ப்ளேட் போட வேண்டாம்.