விரல் ரேகையைப் பார்த்துப் படிப்பைச் சொல்ல முடியாதுங்க, அண்ணா

அண்ணா, போன சனிக்கிழமை நீங்கள் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் கிளம்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். விரல் ரேகையை ஸ்கேன் எடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று சொல்கிற, ஸ்பைரல் பைண்டிங் போட்ட நாற்பது பக்க ரிப்போர்ட், கலர் கலராக வட்டப்படம், தம்பியின், அதாவது உங்கள் பையனின், போட்டோவோடு அட்டை, ஐயாயிரம் ரூபாய் கொடுத்து எடுத்தது. அதை நான் பத்தே நிமிடத்தில் மூடி உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்ப இதுல ஒண்ணுமே இல்லீங்களா?" என்று கேட்டீர்கள். உள்ளே அடுத்த ஆள் உட்கார்ந்திருந்ததால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து இதே மாதிரி ரிப்போர்ட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாரத்துக்கு நான்கு பேராவது வருகிறார்கள், அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதிவிடுகிறேன். உங்கள் ஊர், அடையாளம் எல்லாம் மாற்றியிருக்கிறேன், பயப்பட வேண்டாம். கீழே பல்லடம் என்று வந்தால் அது பல்லடம் இல்லை.

முதலில் அந்த ரேகை விஷயம். பத்து விரலையும் ஸ்கேன் எடுத்து, சுழி எத்தனை, வளைவு எத்தனை என்று எண்ணி, பையனுக்குக் கணக்கு மூளையா இசை மூளையா என்று சொல்கிறார்கள். விரல் ரேகையைப் படிப்பது நிஜமாகவே ஒரு துறைதான். அமெரிக்க உடற்கூறு ஆய்வாளர் ஹரால்ட் கம்மின்ஸ் 1926-ல் அதற்கு டெர்மட்டோகிளிஃபிக்ஸ் என்று பேர் வைத்தார், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் கைரேகையில் சில தனி அமைப்புகள் அதிகமாக வருவதை மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் ஹாவர்ட் கார்ட்னர் என்ற உளவியலாளர் 1983-ல் அறிவு என்பது ஒன்றல்ல, பலவகை என்று ஒரு கோட்பாடு சொன்னார். இந்த இரண்டையும் யாரோ முடிச்சுப் போட்டுத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. வயிற்றில் குழந்தைக்கு மூளை வளரும் காலத்தில்தான் ரேகையும் விழுகிறது, அதனால் ஒன்றைப் பார்த்து மற்றதைச் சொல்லலாமாம். அதே காலத்தில் காது மடலும்தான் வளருகிறது, காதைப் பார்த்து ஏன் காலேஜ் சொல்வதில்லை என்று தெரியவில்லை. இந்த டெஸ்ட்டுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே 2019-ல் சொல்லிவிட்டது.

ஆனால் உங்களை உறுத்துவது அது இல்லை என்று தெரியும். "ஆறாம் பக்கத்துல எழுதியிருக்கறது அப்பிடியே நம்ம பையன்தானுங்க, அது எப்பிடிங்க?" என்றீர்களே, அதுதான். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? திறமை நிறைய உண்டு, முழுதாக வெளியே வரவில்லை. பழகியவர்களிடம் கலகலப்பு, புது ஆட்களிடம் ஒதுங்குவான். அதட்டினால் கேட்க மாட்டான், பக்குவமாகச் சொன்னால் கேட்பான். அப்புறம் நான் மேசை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து வாசித்தேன், நினைவிருக்கிறதா? நீங்கள் தலையாட்டிக்கொண்டே வந்தீர்கள், அண்ணி மட்டும் "இதுவும் அவனேதான்" என்று வாய்விட்டே சொன்னார். அந்தத் தாளை நான் எழுதி நான்கு வருஷம் ஆகிறது அண்ணா. கோபியிலிருந்து வந்த ஒரு பெண்ணின் பெற்றோர், கரூர் பஸ் பாடி பட்டறைக்காரர், பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பாட்டி என்று எல்லோருக்கும் அதையே வாசித்திருக்கிறேன். எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள்.

இதற்குப் பார்னம் விளைவு என்று பேர். பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் 1948-ல் தன் வகுப்பில் 39 மாணவர்களுக்கு ஒரு டெஸ்ட் வைத்தார். ஒரு வாரம் கழித்து, இதுதான் உன் குணம் என்று ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாக ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மார்க் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அத்தனை தாளிலும் எழுதியிருந்தது ஒரே வாசகம், கடையில் விற்கிற ஜோசியப் புத்தகத்தைப் பார்த்து எழுதியது. நம் வீட்டு வாசலில் அதிகாலையில் குடுகுடுப்பைக்காரர் நின்று, "இந்த வீட்டுல ஒருத்தருக்கு மனசுல ஒரு கவலை இருக்குது" என்று சொல்கிறாரே, அவருக்கு ஃபோரரைத் தெரியாது, தொழில் தெரியும். கவலை இல்லாத வீடு எந்த ஊரில் இருக்கிறது?

சரி, நல்ல டெஸ்ட் என்று ஒன்று உண்டா? உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் ஒன்றைத்தான் அளக்கும். எதில் ஆர்வம் என்று கேட்பது ஒரு வகை, எது கைவரும் என்று செய்யச் சொல்லிப் பார்ப்பது இன்னொரு வகை, சுபாவம் எப்படி என்பது மூன்றாவது. தராசில் துணியின் எடையைப் பார்க்கலாம், சாயம் போகுமா என்று பார்க்க முடியாது, அதற்குத் துவைத்துத்தான் ஆக வேண்டும்.

தம்பியின் பள்ளியில் எடுத்தது ஆர்வத்தை அளக்கிற வகை. ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959-ல் சொன்ன கோட்பாட்டை வைத்துச் செய்தது. கையால் செய்வது, ஆராய்வது, கலை, மனிதர்களோடு பழகுவது, ஆட்களை நடத்தி வியாபாரம் பண்ணுவது, கணக்கு வழக்கை ஒழுங்காக வைப்பது என்று ஆறு வகை, அவை ஒரு அறுகோணத்தின் ஆறு மூலையில் நிற்கும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு எழுத்து, அதிக மார்க் வந்த முதல் மூன்றெழுத்தைப் பார்த்து இன்ன படிப்பு என்று சொல்லிவிடுவார்கள், முக்கால்வாசிப் பேர் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஹாலண்ட் இன்னொன்றும் பார்க்கச் சொன்னார். உயரமான மார்க்குக்கும் தாழ்ந்த மார்க்குக்கும் எவ்வளவு இடைவெளி? இடைவெளி இல்லாமல் ஆறும் ஒரே மட்டத்தில் நின்றால் அந்த மூன்றெழுத்துக்கு அர்த்தமே கிடையாது. தம்பிக்கு ஆறும் ஒரே மட்டம்தான், கருப்பராயன் கோயில் திட்டு மாதிரி. அதைப் பார்த்து "ஆல்ரவுண்டர்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான் அவனிடமே கேட்டேன். "எல்லாத்துக்கும் பிடிக்கும்னு போட்டுட்டேங்க சார், சீக்கிரம் முடிச்சா கிரவுண்டுக்கு விடுவாங்க" என்றான். ஆக, அந்த டெஸ்ட்டில் உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான், பையனுக்கு வாலிபால் பிடிக்கும்.

நான் வைத்தது கைவரும் திறனுக்கானது. இந்த வகையில் அமெரிக்காவில் 1947-ல் வந்த டிஃபரன்ஷியல் ஆப்டிட்யூட் டெஸ்ட் பழசு, நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று செய்தவையும் உண்டு. சொல், எண், இடம், இயந்திரம், வேகம் என்று தனித்தனியாக நேரம் வைத்து எடுப்பது. அதில் ஒரு பகுதி, விரித்து வைத்த அட்டையின் படத்தைக் காட்டி, இதை மடித்தால் எந்தப் பெட்டி வரும் என்று கேட்கும். நிறையப் பிள்ளைகள் அந்த இடத்தில் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், தலையைச் சாய்ப்பார்கள். இவன் தாளைத் தொடவே இல்லை. கண்ணை லேசாகச் சுருக்கி, டிக் அடித்துக்கொண்டே போனான். அதில் 93-வது பர்சன்டைல். நீங்கள் அதை 93 மார்க் என்று எடுத்துக்கொண்டு சந்தோஷப்பட்டீர்கள், அது மார்க் இல்லை அண்ணா. அவன் வயதுப் பிள்ளைகள் நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் ஏறக்குறைய 93 பேர் இவனுக்குக் கீழே நிற்பார்கள் என்று அர்த்தம். சொல்திறனில் 41. அதைப் பார்த்து அண்ணி முகம் வாடிவிட்டது. அது ஃபெயில் இல்லை, நடுவாந்தரம், அதிலும் இங்கிலீஷில் வாசித்து எழுதிய டெஸ்ட், தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்த பையன். சி.எம். பாட்டியா என்பவர் 1955-லேயே எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் வைக்கக்கூடிய மாதிரி கட்டை அடுக்குவது, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்குவது என்று ஒரு செயல்வழி அறிவுச் சோதனை நம் நாட்டிலேயே செய்து வைத்தார். பாஷை குறுக்கே வந்தால் கெட்டிக்காரனும் மந்தமாகத் தெரிவான் என்பது அப்போதே தெரிந்த சங்கதி.

இந்த 93 உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். குடோனில் நிட்டிங் மெஷின் மக்கர் பண்ணினால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டேன். "ஃபிட்டர் வர நேரமாச்சுன்னா இவந்தானுங்க பாப்பான்" என்று ரொம்பச் சாதாரணமாகச் சொன்னீர்கள். துணியில் நீடில் லைன் விழுந்தால், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போய், சிலிண்டரில் இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் ஊசியில் கொக்கி உடைந்த ஒரு ஊசியைக் கழற்றி மாற்றுகிறான், யாரும் சொல்லித் தராமல். இதற்கு எந்தப் பள்ளியிலும் மார்க் கிடையாது.

அப்புறம், "பத்தாவது வரைக்கும் நல்லாப் படிச்சான், நாமக்கல்ல கொண்டு போய்ச் சேர்த்தப்புறம் மந்தமாயிட்டான்" என்று சொன்னீர்கள். அவனும் என்னிடம், "நான் ஆவரேஜ் ஸ்டூடன்ட்டுங்க சார்" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தான். ஹெர்பர்ட் மார்ஷ் என்ற ஆய்வாளர் 1980-களிலிருந்து எழுதிவருகிற விஷயம் இது. ஒரே திறமை உள்ள இரண்டு பிள்ளைகளில், சாதாரணப் பள்ளியில் இருக்கிறவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைப்பான், பொறுக்கி எடுத்த பிள்ளைகள் மட்டுமே இருக்கிற பள்ளியில் போய் உட்கார்ந்தவன் தன்னை மட்டம் என்று நினைப்பான். சின்னக் குட்டையில் பெரிய மீன் என்று அதற்குப் பேர் வைத்திருக்கிறார். ஊரில் முதல் ரேங்க் எடுத்தவர்களை எல்லாம் ஒரே ஹாஸ்டலில் கூட்டி வைத்து, வாராவாரம் டெஸ்ட் வைத்து, ரேங்க் வரிசைப்படி உட்கார வைத்தால் பாதிப் பேர் கீழ்ப்பாதியில்தான் இருந்தாக வேண்டும், அது வெறும் கணக்கு. இரண்டு வருஷம் 112-வது ரேங்க்கில் உட்கார்ந்த பிள்ளை அதை மூளையின் அளவு என்று நம்பிவிடுகிறது. அவனுக்கு முதலில் தேவை அந்த நம்பிக்கையைக் கழற்றுவதுதான், அதற்காகத்தான் அந்த 93-ஐ அவனிடம் மூன்று தரம் சொன்னேன்.

இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸ். "உனக்கு என்ன சாமி படிக்கணும்?" என்று கேட்டதும் ஒரு நொடிகூட யோசிக்காமல் "ஐடிங்க" என்றான். ஏன் என்றேன். "அப்பா சொன்னாருங்க." வேறு எதையாவது யோசித்துப் பார்த்தாயா? "இல்லீங்க." இதை உளவியலில் ஃபோர்க்ளோஷர் என்பார்கள், 1966-ல் ஜேம்ஸ் மார்சியா பிரித்த நான்கு நிலைகளில் ஒன்று. தேடாமலே முடிவெடுத்துவிட்ட நிலை. வெளியே பார்த்தால் இந்தப் பிள்ளைகள்தான் ரொம்பத் தெளிவாக இருப்பார்கள், பெற்றோருக்கு நிம்மதியாக இருக்கும். "எனக்கொண்ணும் தெரியலீங்க சார், குழப்பமா இருக்குது" என்று நாலைந்து படிப்பைத் தேடிப் பார்த்துக்கொண்டு தவிக்கிற பிள்ளையைத்தான் கூட்டி வந்து திட்டுவார்கள். என்னைக் கேட்டால் அந்தக் குழம்புகிற பிள்ளை ஒரு படி முன்னே நிற்கிறது.

டெக்ஸ்டைல், மெக்கானிக்கல் என்று நான் பேச்செடுத்ததும், "நா பட்ட பாடு போதுமுங்க, பனியன் தொழிலே அவனுக்கு வேண்டாம்" என்றீர்கள். அதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஜாப் ஒர்க் பணம் மூன்று மாசம் நின்று, கூலி கொடுக்க வட்டிக்கு வாங்கியவருக்குத்தான் அந்த வலி தெரியும். ஆனால் லிண்டா காட்ஃப்ரெட்ஸன் என்ற ஆய்வாளர் 1981-ல் எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகள் வேலைகளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் கழித்துக்கொண்டே வருகிறார்கள். ஆறு, ஏழு வயதில் இது ஆம்பளை வேலை, இது பொம்பளை வேலை என்று ஒரு கழிவு. ஒன்பது வயதிலிருந்து இது மரியாதையான வேலை, இது மட்டமான வேலை என்று இன்னொரு கழிவு. தனக்கு எது பிடிக்கும் என்று யோசிக்கிற வயது வரும்போது பாதிக் கதவு சாத்தியாகிவிடும், சாத்தியது அவனுக்கே ஞாபகம் இருக்காது. உங்கள் வீட்டில் கிரீஸ் கை மட்டம், லேப்டாப் கை உசத்தி என்று யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தவில்லை. மாப்பிள்ளை பார்க்கிற பேச்சில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில், அவன் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. (உங்கள் பாப்பா எட்டாவது படிக்கிறாள் என்றீர்கள். அவளும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.)

கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. இடத்தை மனசில் சுழற்றிப் பார்க்கிற மூளைக்கு அங்கேயும் வேலை உண்டு, ரோபோட்டிக்ஸ், மெஷின் டிசைன் என்று இரண்டுக்கும் நடுவிலும் வழி உண்டு. அவன் ஒன்றையும் பார்க்காமல் போகக் கூடாது, அவ்வளவுதான். இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் சாய்ஸ் கொடுக்க இன்னும் நாள் இருக்கிறது. கோவை சரவணம்பட்டியில் ஐடி வேலை பார்க்கிற உங்கள் மச்சான் மகனிடம் சொல்லி ஐந்து நாள் அவன் பக்கத்தில் உட்கார வையுங்கள், ஆபீஸுக்குள் விடாவிட்டால் அவன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளில். அடுத்த ஐந்து நாள், உங்களுக்கு மெஷின் சர்வீஸுக்கு வருகிற இன்ஜினியரோடு பைக்கில் அனுப்புங்கள். ஜான் க்ரம்போல்ட்ஸ் என்று ஒருவர், வேலை என்பது பாதி தற்செயலில்தான் அமைகிறது, ஆனால் அந்தத் தற்செயல் வந்து மோதுகிற இடத்தில் நாம் போய் நிற்க வேண்டும் என்று 1999-ல் தன் சகாக்களோடு எழுதினார். வீட்டில் ஃபோனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் எதுவும் வந்து மோதாது.

இன்னொரு டெஸ்ட்டுக்குப் பணம் கட்டச் சொல்லி யாராவது ஃபோன் செய்தால் இரண்டே கேள்வி கேளுங்கள். எந்தப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு இந்த மார்க் போடுகிறீர்கள்? ஒரு மாசம் கழித்து அதே பையன் எழுதினால் அதே பதில் வருமா? இணையத்தில் நாலெழுத்து ஆளுமை வகை சொல்கிறார்களே, அதில்கூடக் கணிசமான பேருக்குச் சில வாரத்தில் எழுத்து மாறிவிடுகிறது. எதிர்முனையில் பதில் இழுத்தால் ஃபோனை வைத்துவிடுங்கள்.

அந்தப் பத்து நாள் முடிந்த சனிக்கிழமை பத்தரைக்குத் தம்பியை வரச் சொல்லுங்கள். பல்லடத்திலிருந்து பஸ் ஏறி அவனாகவே வரட்டும், கார் வேண்டாம். ஒவ்வொரு நாளும் எந்த நேரத்தில் மணி பார்த்தான், எந்த நேரத்தில் சாப்பிடக்கூட மறந்தான் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வரட்டும், இரண்டு வரி போதும். நீங்களும் அண்ணியும் பன்னிரண்டு மணிக்கு வந்தால் சரியாக இருக்கும், அதுவரை நானும் அவனும் தனியாகப் பேசிக்கொள்கிறோம்.