கிளை நூலகத்தில் 25 பிள்ளைகளுக்குக் கோடைக் கதை, கைவேலை முகாம் நடத்துவது எப்படி?

மே மாதத்தில் பத்து நாள், கையில் சொற்பப் பணம், ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வரை கலந்து பிள்ளைகள் என்று கேட்டிருக்கிறீர்கள். உதவிக்கு ஆளும் குறைவாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

காலை 10 மணிக்குத் தொடங்கி 11.30க்கு முடித்துவிடுங்கள். அதற்குமேல் வெயிலில் யாரும் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போக மாட்டார்கள். எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் கட்டாயம். இல்லையென்றால் ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களைச் சின்னவர்களோடு ஜோடி சேருங்கள்.

பலரும் சறுக்குவது வரிசையில்தான். கைவேலைப் பொருளை முதலில் கொடுத்தால் கதை காதில் ஏறாது. முதலில் கதை, 15 நிமிடம் போதும். புத்தகத்தைத் தோளுக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்மட்டத்தில் பிடியுங்கள். நெஞ்சோடு அணைத்துப் படித்தால் பின்வரிசைக்குப் படமே தெரியாது. புத்தகம் போதவில்லையா? பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன, அச்சிட்டுக்கொள்ளலாம். அதில் எளிய கதைகளான நிலை 1, 2 உரக்கப் படிக்க ஏற்றவை.

கைவேலை கதைக்குள்ளிருந்து வர வேண்டும். பாட்டி வடை சுட்ட கதையையே எடுத்துக்கொள்வோம். (திருட்டைச் சொல்லிக்கொடுக்கும் கதை என்று சண்டைக்கு வருபவர்கள் வேறு கதை எடுத்துக்கொள்ளலாம்.) துணி காயப்போடும் மரக் கிளிப் 30 வாங்குங்கள்; நாலைந்து ஸ்பிரிங் கழன்று போகும். கறுப்பு சார்ட் ஒன்று போதும். 12க்கு 8 செ.மீ. அளவில் 32 காக்கைத் தலை வரும். தலையை வரைந்து வெட்டி, அலகுக் கோட்டோடு குறுக்கே இரண்டாக்குங்கள். ஸ்பிரிங் தெரியும்படி கிளிப்பைப் படுக்கவைத்து மேல்கட்டையில் மேல்பாதி, கீழ்க்கட்டையில் கீழ்ப்பாதி ஒட்ட வேண்டும். ஒரு பாதியே இரண்டு கட்டையிலும் ஒட்டிக்கொண்டால் வாய் திறக்காது. ஒட்டும்போது வாய்க்குள் ஒரு துண்டுக் காகிதம் செருகி வையுங்கள். பிளாஸ்டிக் கிளிப்பில் ஃபெவிகால் நிற்காது, இருபக்க டேப் வேண்டும். வடைக்கு 3 செ.மீ. வட்டம், நடுவில் ஓட்டை. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை கனமாக இருக்கும், நன்றாகக் கவ்வும்.

ஃபெவிகாலைப் பாட்டிலோடு கொடுக்காதீர்கள். மூடியில் கொஞ்சம் ஊற்றி, ஈர்க்குச்சியால் தொட்டுத் தடவச் சொல்லுங்கள். அள்ளி அப்பினால் காகிதம் சுருண்டு, காய அரைமணி நேரம் ஆகும். அளவாகத் தடவினால் 15 நிமிடம். அந்த 15 நிமிடம்தான் முகாமின் உயிர்: மின்விசிறிக்கு அடியில் காக்கைகள் காயட்டும், பிள்ளைகள் அலமாரிக்குப் போய் வீட்டுக்கு எடுத்துப்போக ஆளுக்கொரு புத்தகம் தேடட்டும். திரும்பியதும் அதே கதையை மறுபடி சொல்லுங்கள். "கா" வரும் இடத்தில் 25 கிளிப்பும் ஒன்றாகத் திறந்து வடை விழ வேண்டும்; திறக்காத கிளிப்பைப் பார்த்தால், கதை யாருக்குப் பிடிபடவில்லை என்று தெரிந்துவிடும். புதுக் கிளிப் ஐந்து வயது விரலுக்கு இறுக்கம். முன்கூட்டியே இருபது தடவை திறந்து மூடிவிடுங்கள்.

ஓவியப் போட்டி, சான்றிதழ், சிறப்பு விருந்தினர் வேண்டாமா என்பீர்கள். சால்வைக்கும் பிளெக்ஸுக்கும் போகும் காசில் எத்தனை படப் புத்தகம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று நாம் கட்டுகிறோம், அதற்கான சட்டமே 1948லிருந்து இருக்கிறது. அப்படியிருந்தும் பல ஊர்களில் சிறுவர் புத்தகம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டித்தான் கிடக்கிறது. கேட்டால், கிழித்துவிடுவார்களாம்!

கிழியட்டும். செல்லோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும். மைதாப் பசையை நீர்க்கக் காய்ச்சி, மெல்லிய வெள்ளைத் தாளைக் கிழிசலின்மேல் ஒட்டி, இருபுறமும் பாலித்தீன் வைத்து, ஒரு ராத்திரி கனமான அகராதிக்கு அடியில் வையுங்கள்.